குப்புறப் படுத்த கவிஞர்

— தலையைத் தூக்காதீங்க.

— தூக்கலை.

— தூக்கினீங்க. வாத்து ஒரு பக்கமா அமுங்கிச்சு, நான் பார்த்தேன்.

— ஸ்டெனோம்மா, ஒரு கவிஞன் மரணத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்கும்போது வாத்தைப் பத்திப் பேசக்கூடாது.

— கட்டில் ஓரத்துல வாத்து இல்லைன்னா உங்க நெத்தி எங்க நிக்கும்? பக்கத்து வீட்டுக் குழந்தை நீச்சல் பழகற வளையம் அது. எவ்வளவு கெஞ்சி வாங்கிட்டு வந்தேன் தெரியுமா? கழுத்துல சுருக்கு விழாம, மூச்சு முட்டாம, இப்படித் தரையைப் பார்த்துப் படுக்க வேற என்ன இருக்கு இந்த வீட்டுல?

— அதோட மூக்கு என் காதைக் குத்துது.

— குத்தட்டும். டாக்டர் என்ன சொன்னார்? சாப்பிட்டாலும் குப்புற, தூங்கினாலும் குப்புற...

— கவிதை சொன்னாலும் குப்புற.

— அது அவர் சொல்லலை. அது என் தலையெழுத்து.

— எங்க விட்டேன்?

— "மரணமே"ல.

— இன்னும் அங்கயேதான் இருக்கேனா?

— முதல் புத்தகத்துலேருந்து அங்கயேதான் இருக்கீங்க.

— கிண்டல் பண்ணாம தட்டு. பதிப்பாளர் இன்னிக்குள்ள அனுப்பச் சொல்லியிருக்கார். மொத்தத் தொகுப்பும் தயார், இந்தக் கடைசிக் கவிதைதான் பாக்கி. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி முடிச்சாகணும்.

— சாயங்காலம் கட்டுப் பிரிச்சதுக்கு அப்புறம் நீங்களே உங்க கையால எழுதலாமே. அவசரமென்ன?

— ...எழுதிக்கோ. "மரணமே, நீ வருகிற வழியில்..." முதுகைக் கொஞ்சம் சொறி, அங்க இல்ல, மேல, இன்னும் மேல, ஆங்.

— "வருகிற வழியில்"... ம்.

— "என் பெயரை யார் சொல்லி அனுப்பினார்?" அந்த ஃபேனைக் குறை. "வாழ்வென்பது வாடகை வீடு..."

— போன புத்தகத்துலயும் வாடகை வீடுதான்.

— அது வேற வீடு.

— வீட்டுக்காரர் ஒரே ஆளா?

— நீ எழுதறியா, விசாரிக்கறியா?

— கோர்ட்ல எழுதிப் பழகினவ. ரெண்டும் சேர்ந்துதான் வரும்.

— சரி, இதுவரைக்கும் வந்ததைப் படி. ஓசை எப்படி நிக்குதுன்னு பார்க்கணும்.

— முழுசாவா?

— முழுசா. உணர்ச்சியோட படி. சாட்சி வாக்குமூலம் மாதிரி ஒப்பிக்காதே.

— சரி. "மரணமே, நீ வருகிற வழியில், முதுகைக் கொஞ்சம் சொறி, அங்க இல்ல, மேல, இன்னும் மேல, ஆங். என் பெயரை யார் சொல்லி அனுப்பினார், அந்த ஃபேனைக் குறை, வாழ்வென்பது வாடகை வீடு. அடைப்புக்குறிக்குள்ள: கவிஞர் பெருமூச்சு விடுகிறார்."

— என்னது இது!

— நீங்க சொன்னது.

— முதுகு சொறியறதெல்லாம் எதுக்கு எழுதினே?

— நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல சொன்னதைச் சொன்னபடி எழுதித்தான் பழக்கம். ஜட்ஜ் தும்மினா தும்மல். சாட்சி அழுதா "சாட்சி அழுதார்". எது முக்கியம், எது முக்கியமில்லைன்னு முடிவு பண்றது ஸ்டெனோ வேலை இல்ல.

— அழிச்சுடு.

— அழிக்க மாட்டேன்.

— ஏய்...

— ஒரு வார்த்தை அழிச்சதா என் மேல ஒரு புகார் கிடையாது. உங்களுக்காக ஆரம்பிக்க முடியாது.

— ...இன்னொரு தடவை படி.

— எதுக்கு? திட்டறதுக்கா?

— அந்த ஃபேன் வர்ற இடத்துலேருந்து.

— "என் பெயரை யார் சொல்லி அனுப்பினார், அந்த ஃபேனைக் குறை, வாழ்வென்பது வாடகை வீடு."

— நல்லாயிருக்குல்ல?

— நான் என்ன கண்டேன்.

— சாவு வாசல்ல வந்து நிக்குது. இவன் ஃபேனைக் குறைக்கச் சொல்றான். எனக்கு இது தோணியிருக்கவே தோணியிருக்காது.

— உங்களுக்குத் தோணலைங்க. உங்களுக்குக் குளிரிச்சு.

— யாருக்கும் சொல்லிடாதே.

— நம்ம கல்யாணத்தன்னிக்கு ஒரு கவிதை வாசிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? "என்னைச் சுமப்பவர்கள் மெல்ல நடக்கட்டும்"னு.

— நல்ல கவிதை.

— எங்க அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கா, மறைக்காம சொல்லு"ன்னு கேட்டான். எங்க அப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. நீங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க.

— கவிதை வாசிச்சா எனக்குப் பசிக்கும்.

— ஜலதோஷம்கூட வராத மனுஷன். ஊருக்கெல்லாம் சாவு சொல்லிட்டு, நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குவீங்க.

— துன்பம்னு எத்தனை கவிதையில எழுதியிருப்பேன்... கழுத்து வலின்னு ஒரு கவிதையிலகூட எழுதினதில்ல பாரு.

— ரொம்ப வலிக்குதா?

— துன்பமா இருக்கு.

— இருங்க, பிடிச்சு விடறேன்... இங்கயா?

— ஆ... அங்கதான். இதையும் எழுதிட்டியா?

— கை உங்க கழுத்துல இருக்கு, எப்படி எழுத? ...என்னங்க இது?

— எது?

— கண்ணு மேல இருக்கிற இந்த பிளாஸ்திரி. ஏன் இப்படிக் கோணலா இருக்கு?

— தூக்கத்துல உரசியிருக்கும்.

— நான் ஒட்டினா ஓரத்தைக் கொஞ்சம் மடிச்சு ஒட்டுவேன், பிரிக்கும்போது தோல் இழுக்கக்கூடாதுன்னு. இதுல மடிப்பு இல்ல. மூக்குப் பக்கம் பஞ்சு விலகி ஓட்டை தெரியுது.

— வாத்தைக் கேளு. அதுதான் ராத்திரி பூரா கூட இருந்தது.

— விளையாடாதீங்க. பிரிச்சீங்களா? பிரிச்சீங்களான்னு கேட்டேன்.

— உங்க கோர்ட்ல ஒண்ணு சொல்லுவியே. ஜட்ஜ் கையைக் காட்டினா...

— ரெக்கார்டுக்கு வேண்டாம்னு அர்த்தம். நான் விரலைத் தூக்கிடுவேன்.

— நான் இப்போ கையைக் காட்டறேன். தெரியுதா?

— ...தெரியுது. கட்டிலுக்கு வெளியில ஆட்டறீங்க. மீன் துடிக்கிற மாதிரி இருக்கு.

— விரலைத் தூக்கிட்டியா?

— தட்டற மெஷின் கிட்டவே நான் இல்ல. சொல்லுங்க.

— காலையில நீ குளிக்கப் போனப்போ பிரிச்சுப் பார்த்தேன்.

— கடவுளே... தலையைத் தூக்கினீங்களா?

— இல்ல. சத்தியமா இல்ல. படுத்த வாக்குலயே பஞ்சை மட்டும் நகர்த்தினேன். போன தடவை செஞ்ச வேலையைத் திரும்பச் செய்வேனா?

— செய்யக்கூடிய ஆளுதான். இடது கண்ணுக்கு இதே ஆபரேஷன் பண்ணிட்டு, உள்ள காத்துக் குமிழி வச்சிருக்கு, அதுதான் விழித்திரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, நிமிராதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நிலா நல்லாயிருக்குன்னு எழுந்து மாடிக்குப் போனீங்க. நிலாவும் போச்சு, கண்ணும் போச்சு.

— அந்த நிலாவைப் பத்தி இதுவரைக்கும் ஒரு வரி நான் எழுதினதில்ல. அதைக் கவனிச்சியா?

— கவனிச்சேன்... சரி, காலையில என்ன தெரிஞ்சுது?

— சாம்பல்.

— சாம்பலா?

— ஒரே சாம்பல். அதுக்குள்ள தண்ணி மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடிச்சு. அவ்வளவுதான். ஓரம் கிடையாது, உருவம் கிடையாது. திரும்ப ஒட்டிட்டேன்.

— ...

— ஏன் பேச மாட்டேங்கற? ஏய்... சிரிக்கறியா?

— தரையே சாம்பல் நிறம்தானேங்க!

— என்ன?

— சிமெண்ட் தரை! இந்த வீடு கட்டின நாள்லேருந்து சிமெண்ட் தரை. குப்புறப் படுத்துக்கிட்டுச் சிமெண்டைப் பார்த்தா அதுல என்ன மயிலா ஆடும்?

— ...அட.

— "ஓரம் கிடையாது, உருவம் கிடையாது"ன்னு... தரைக்கு எங்க உருவம் இருக்கும்?

— நான் காலையிலேருந்து அந்தச் சாம்பலுக்குத்தான் கவிதை எழுதிக்கிட்டிருக்கேன்.

— தெரியுது. வாடகை வீடு காலி பண்ற கவிதை.

— ஆனா தரையா, கண்ணான்னு தெரியலையே.

— இப்போ தெரிஞ்சுக்கிட்டாப் போச்சு. இருங்க, ஏதாவது...

— வேண்டாம்! எடுத்துக்கிட்டு வராதே. கலர்த் துணி, சாமான், எதையாவது கீழ நீட்டி "இது என்ன"ன்னு மட்டும் கேட்டுடாதே. என்னால பதில் சொல்ல முடியாது.

— ஏன்?

— தெரியலைன்னு உன்கிட்ட என் வாயால சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அதை டாக்டர் சொல்லட்டும். அவருக்குச் சம்பளம் இருக்கு.

— ...சரி.

— கேக்க மாட்டேன்னு சொல்லு.

— கேக்க மாட்டேன்.

— இவ்வளவு எழுதினேனே, ஒரு நாளாவது சாவுக்குப் பயந்திருக்கேனா? இல்ல. ஏன்னு இங்க படுத்தப்புறம்தான் புரிஞ்சுது. சாவு வந்தா நான் இருக்க மாட்டேன். இது வந்தா நான் இருப்பேன்ல. நான் சொல்லிச் சொல்லி எழுதறவன் இல்ல. எழுத்தைப் பார்த்தாதான் எனக்கு அடுத்த எழுத்து வரும். பேனா போற இடத்தைக் கண்ணு பார்க்கணும். அது இல்லைன்னா இந்தக் கவிதைதான் கடைசி. அதுல ஃபேனும் முதுகும்தான் மிஞ்சியிருக்கு.

— கையை இறக்குங்க.

— ஏன்?

— இன்னும் தூக்கிட்டே இருக்கீங்க. மரத்துப் போகப் போகுது... நான் இதோ வர்றேன்.

— எங்க போறே?

— பொண்ணு ரூமுக்கு. ஜன்னல் திறந்து கிடக்கு.

— அவ கல்யாணமாகிப் போன நாள்லேருந்து அந்த ஜன்னல் சாத்தியேதான் இருக்கு... ஸ்டெனோம்மா? ...எங்க போனா இவ? ...வாத்தே, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். நீ தண்ணியில போகும்போது மேல பார்ப்பியா, கீழ பார்ப்பியா?

— வாத்துகிட்ட என்ன பேச்சு?

— வந்துட்டியா? அது உன்னைவிட நல்லாக் கேக்குது. குறுக்கே பேசறதில்ல. அடைப்புக்குறி போடறதில்ல.

— நீங்க யோசிச்சுக்கிட்டே இருங்க. எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு.

— தட்டற சத்தமே இல்லையே?

— விரல் ஓயுது.

— என்ன வாசனை இது? பெயிண்ட் மாதிரி...

— பக்கத்து வீட்டுல கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறாங்க.

— கேட்டுக்கு இவ்வளவு வாசனையான பெயிண்டா?

— வசதியானவங்க.

— இப்போ என்னத்தை ஊதறே?

— டீ. சூடா இருக்கு.

— டீ எப்போ போட்டே? எனக்கு எங்கே?

— உங்களுக்குக் கிடையாது. ஆஸ்பத்திரியில வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க.

— கட்டுப் பிரிக்கவா வெறும் வயிறு?

— கேள்வி கேக்காதீங்க. கோர்ட்னா இந்நேரம் உங்களை... ஐயோ, ஃபோன். இருங்க, இருங்க... ஹலோ... ஆமா... ஆமாங்க, அந்த வீடுதான்... இவ்வளவு சீக்கிரமாவா? சரி, வாங்க, வாங்க... டாக்ஸிக்காரர். பக்கத்துத் தெருவுக்கே வந்துட்டாராம்.

— அதுக்கு ஏன் உன் குரல் நடுங்குது?

— நடுங்கலை.

— நாற்காலியை ஏன் இழுக்கறே?

— உங்க பக்கத்துல உக்காரத்தான். அங்கேருந்து நீங்க சொல்றது சரியா கேக்கலை.

— தலைக்கு நேராவா வர்றே?

— ஆமா. வாத்துக்கு முன்னாடி, கட்டிலுக்கடியில காலை நீட்டி உக்கார்ந்திருக்கேன். மெஷின் மடியில இருக்கு. சொல்லுங்க, கடைசி வரி.

— ...

— என்னங்க? தூங்கிட்டீங்களா?

— இல்ல.

— கழுத்து வலிக்குதா?

— ம்... இல்ல. வலிக்குது. பரவாயில்ல.

— என்ன ஆச்சு?

— ஒண்ணுமில்ல. நீ அப்படியே இரு. கொஞ்ச நேரம் நகராம இரு.

— டாக்ஸி வந்துடும்.

— வரட்டும். எவ்வளவு வருஷம் ஆச்சு நீ இப்படி என் பக்கத்துல உக்கார்ந்து? நான் எழுந்திருக்கறதுக்குள்ள நீ கோர்ட்டுக்குப் போயிடுவே. நீ வரும்போது நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள செத்துக்கிட்டிருப்பேன்.

— கவிதையில.

— கவிதையில. கதவுக்கு இந்தப் பக்கம் என்ன இருந்ததுன்னே பார்க்கலை... இதை எழுதறியா?

— எழுதறேன். நீங்க கையைக் காட்டலையே.

— எழுது. அந்த வாடகை வீட்டை எடுத்துடு.

— அழிக்க மாட்டேன்னு சொன்னேன்.

— சரி, மேல ஒரு கோடு போட்டு வை. அதுக்குக் கீழ எழுதிக்கோ. "மரணமே, நீ கொஞ்சம் வெளியே உட்கார். உள்ளே ஒருத்தி இன்னும் தட்டி முடிக்கவில்லை."

— "...தட்டி முடிக்கவில்லை." இது நல்லாயிருக்கு.

— வாடகை இல்லாம வந்த வரி.

— இதையே கடைசி வரியா வச்சுடலாமே.

— இல்ல. இன்னும் ஒண்ணு இருக்கு.

— ஹார்ன் அடிக்கறாங்க. கேக்குதா?

— கேக்குது. நீ ஏன் மூக்கை உறிஞ்சறே?

— பெயிண்ட் வாசனை. கண்ணு எரியுது.

— வசதியானவங்க பெயிண்ட்.

— ம்... போதும், எழுந்திருங்க. தலையைக் குனிஞ்ச மேனிக்கே, மெதுவா. கடைசி வரியை அப்புறம் பார்த்துக்கலாம்.

— அப்புறம்னா?

— ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுக்கு அப்புறம். எதுவா இருந்தாலும் நான் தட்டித் தரேன். நீங்க சொல்லுங்க, நான் தட்டறேன். எத்தனை வருஷம் ஆனாலும். அழிக்கச் சொன்னா அழிக்கவும் செய்யறேன். போதுமா?

— நீயா அழிப்பே?

— அழிப்பேன்.

— அவ்வளவு மோசமாவா போயிட்டேன் நான்?

— பேச்சு வேண்டாம். எழுந்திருங்க.

— உக்காரு.

— டாக்ஸி...

— நிக்கட்டும். எத்தனையோ பேரை வாசல்ல நிக்க வச்சாச்சு. உக்காரு, எங்க இருந்தியோ அங்கயே. கடைசி வரி வந்துடுச்சு.

— ...உக்கார்ந்துட்டேன். விரலைத் தூக்கிக்கவா?

— தூக்காதே. இது ரெக்கார்டுல வந்தாகணும். சொன்னதைச் சொன்னபடி எழுதணும்.

— சொல்லுங்க.

— "இடது கால் சுண்டு விரல் நகத்துக்கு மட்டும் ஏன் சிவப்பு பூசாம விட்டுட்டே?"